நீளமான கோடுகளை நம்பலாமா? ஆன்தமேப் பற்றி ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் ஓர் ஊரில் குடியிருப்பவர்கள் எங்கே போய் வேலை பார்க்கிறார்கள், அந்த ஊரில் வேலை பார்ப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிய வேண்டுமென்றால் அரசின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அமைப்பான சென்சஸ் பியூரோவின் ஆன்தமேப் (OnTheMap) தளத்துக்குத்தான் போக வேண்டும். காசு கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. சிறு நகரங்களின் பொருளாதார வளர்ச்சிக் குழுக்களுக்கு அறிக்கை எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எந்த ஊருக்கான வேலை வந்தாலும் முதலில் திறப்பது இதைத்தான். ஆனால் இது காட்டுவதையெல்லாம் அப்படியே எடுத்து எழுதிவிட மாட்டேன். ஏன் என்பதற்குத்தான் இந்த மதிப்புரை.

பயன்படுத்துவது சுலபம். ஊரின் பெயரையோ கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) பெயரையோ கொடுக்கலாம், இல்லாவிட்டால் வரைபடத்தில் நாமே ஓர் எல்லை வரைந்துகொள்ளலாம். அந்த எல்லையை வீடாகப் பார்ப்பதா, வேலையிடமாகப் பார்ப்பதா என்று தேர்ந்தெடுத்துவிட்டு, உள்வரவு-வெளிப்போக்குப் பகுப்பாய்வைச் சொடுக்கினால் மூன்று எண்கள் வரும்: வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்கள், வெளியே வேலைக்குப் போகிறவர்கள், அங்கேயே வசித்து அங்கேயே வேலை செய்பவர்கள். அம்புக்குறி போட்ட அந்தப் படம் நகராட்சிக் கூட்டங்களில் ரொம்பப் பிரபலம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆட்களை எண்ணுவதாக இருந்தால் 'முதன்மை வேலை' என்ற தேர்வை எடுக்க வேண்டும். 'எல்லா வேலைகளும்' என்று விட்டால், இரண்டு இடத்தில் வேலை பார்ப்பவர் இரண்டு பேராகிவிடுவார்.

இந்த எண்கள் கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டவை அல்ல. முதலாளிகள் வேலையின்மைக் காப்பீட்டுக்காக மாநில அரசுக்குக் காலாண்டுதோறும் சம்பளப் பட்டியல் அனுப்புகிறார்கள். அதை மத்திய அரசிடம் இருக்கும் முகவரிப் பதிவுகளோடு இணைத்து உருவாக்கியது இது. பெரும்பாலான மாநிலங்களுக்கு 2002 முதல் ஆண்டுவாரியாகக் கிடைக்கிறது. சில மாநிலங்களுக்குத் தாமதமாகத்தான் தொடங்குகிறது, மாசசூசெட்ஸுக்கு 2011-லிருந்துதான். தனியார் சம்பள வேலைகளில் பெரும்பகுதி இதில் அடங்கிவிடும். மாதிரிக் கணக்கெடுப்புகளில் இந்த அளவு நுணுக்கம் கிடைக்காது. அமெரிக்கச் சமுதாயக் கணக்கெடுப்பும் வேலையிடத்தைக் கேட்கிறதுதான். ஆனால் கவுண்டிக்குக் கவுண்டி ஓட்டத்தை ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள். ஓர் ஆலை மூடிய வருடத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று பார்க்க அது உதவாது.

ஆலை மூடுவது என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில். அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 1919-லிருந்து இருந்தது. முதலில் டிராக்டர், பிறகு கார், கடைசியில் பெரிய எஸ்யூவி வண்டிகள். எஸ்யூவி உற்பத்தி 2008 டிசம்பர் 23 அன்று நின்றது. 2009-ல் ஒரு சிறிய காரைத் தயாரிக்கும் வாய்ப்புக்காக விஸ்கான்சின் சலுகைகளை அள்ளிக் கொடுக்க முன்வந்தும், அது மிச்சிகனின் ஓரியன் டவுன்ஷிப்புக்குப் போய்விட்டது. வேலை இழந்தவர்களில் சிலருக்கு, அதே நிறுவனத்தின் வேறு ஆலைகளுக்கு மாற்றல் கிடைத்தது. அதில் ஒன்று இண்டியானாவின் ஃபோர்ட் வேனில். காரில் நாலரை மணி நேரம் ஆகும். குடும்பத்தை ஜேன்ஸ்வில்லில் விட்டுவிட்டு, வாரம் முழுக்க அங்கே தங்கி வேலை பார்த்து, வார இறுதியில் வீடு திரும்பினார்கள். வீட்டை விற்றால் நஷ்டம், மனைவிக்கோ கணவனுக்கோ உள்ளூரில் வேலை, பிள்ளைகளின் பள்ளி, ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடம் பாக்கி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு.

இவர்கள் இடம்பெயர்ந்தவர்களா, இல்லையா? வருமான வரித் துறை வெளியிடும் இடப்பெயர்வுத் தரவில் தெரியமாட்டார்கள், ஏனென்றால் வரிப் படிவத்தில் முகவரி மாறவில்லை. 'ஒரு வருடத்துக்கு முன் எங்கே வசித்தீர்கள்' என்ற கணக்கெடுப்புக் கேள்வியிலும் மாட்டமாட்டார்கள். பொருளாதார அறிஞர்கள் ஒலிவியே பிளான்சார்டும் லாரன்ஸ் காட்ஸும் 1992-ல் எழுதிய ஆய்வில், ஒரு மாநிலத்தில் வேலை அடிபட்டால் சில ஆண்டுகளில் வேலையின்மை பழைய நிலைக்கு வந்துவிடுகிறது, அதற்கு முக்கியக் காரணம் ஆட்கள் கிளம்பிப் போவதுதான், புதிய வேலைகள் தேடி வருவதல்ல என்றார்கள். டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் மூவரும் 2013-ல் சீன இறக்குமதியால் அடிபட்ட வட்டாரங்களை ஆராய்ந்தபோது, ஆட்கள் அவ்வளவாக நகரவே இல்லை என்று கண்டார்கள். ஜேன்ஸ்வில்காரர்கள் இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை: ஆள் போய்விட்டார், வீடு போகவில்லை. வீட்டையும் வேலையிடத்தையும் தனித்தனியாக வைத்திருப்பதால் ஆன்தமேப்பில்தான் இப்படிப்பட்டவர் வீட்டிலிருந்து வேலையிடம் வரை ஒரு நீளமான கோடாகத் தெரிய வழி இருக்கிறது. நான் இந்தத் தளத்தை விடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

சிக்கலும் சரியாக இதே இடத்தில்தான் இருக்கிறது. பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனம் சம்பளப் பட்டியல் அனுப்பும்போது, எந்த ஆள் எந்தக் கிளையில் என்று பெரும்பாலான மாநிலங்கள் கேட்பதில்லை. கேட்பது மினசோட்டா மட்டும். மற்ற மாநிலங்களில் ஊழியரின் வீடு, கிளைகளின் தூரம், கிளைகளின் அளவு இவற்றை வைத்து, மினசோட்டாவின் அனுபவத்தில் உருவாக்கிய ஒரு புள்ளியியல் மாதிரி ஊகித்துத்தான் ஆளைக் கிளையோடு சேர்க்கிறது. அதற்கும் மேல், சில நிறுவனங்கள் எல்லா ஊழியர்களையும் தலைமை அலுவலக முகவரியிலேயே காட்டிவிடுகின்றன. அப்போது தன் ஊர்க் கிளைக்குப் பத்து நிமிடத்தில் போய்விடும் ஒருவர், மாநிலத்தின் அந்தக் கோடிக்குத் தினமும் போய்வருபவராக வரைபடத்தில் தெரிவார். தூரம்-திசை அறிக்கையில் 'ஐம்பது மைலுக்கு மேல்' என்று ஒரு பட்டை இருக்கும். ஃபோர்ட் வேனுக்குப் போய்த் தங்கும் தொழிலாளியும் அதில்தான், தலைமை அலுவலக முகவரியில் மாட்டிக்கொண்டவரும் அதில்தான். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு வண்ணமோ குறியோ தளத்தில் கிடையாது. சென்சஸ் பியூரோ இதை மறைக்கவில்லை, தொழில்நுட்ப ஆவணங்களில் எழுதியே வைத்திருக்கிறது. ஆனால் அழகான வரைபடத்தைப் பார்த்த பிறகு ஆவணத்தை யார் படிக்கிறார்கள்?

கோடு நீளமாக இருந்தால் நான் செய்வது இது. முதலில் எந்தத் தொழில்துறை என்று பார்ப்பேன். ஆள் வழங்கும் ஏஜென்சி, சில்லறை வணிகச் சங்கிலி, பள்ளி நிர்வாகம் என்றால் சந்தேகப்படுவேன். ஒரே ஆலை, பெரிய ஆலை என்றால் கொஞ்சம் நம்புவேன். அப்புறம் இதே தரவுக் குடும்பத்தைச் சேர்ந்த 'ஜாப் டு ஜாப் ஃப்ளோஸ்' பக்கத்துக்குப் போவேன். ஒரு வேலையை விட்டவர்கள் எந்த மாநிலத்தில், எந்தப் பெருநகரில் அடுத்த வேலையில் சேர்ந்தார்கள், இடையில் வேலையில்லாமல் இருந்தார்களா என்று அது காலாண்டுவாரியாகச் சொல்லும். கோடு நீண்ட அதே சமயத்தில் அங்கேயும் அசைவு தெரிந்தால்தான் அறிக்கையில் எழுதுவேன். சின்னச் சின்னப் புள்ளிகளைப் பெரிதாக்கிப் பார்த்து, 'இந்தத் தெருவிலிருந்து இத்தனை பேர்' என்று சொல்வது மட்டும் வேண்டவே வேண்டாம். தனிமனித ரகசியம் காக்க வீடுகளின் இடத்தில் வேண்டுமென்றே இரைச்சல், அதாவது சிறு மாறுதல்கள், கலந்திருக்கிறார்கள். 2008-லேயே இந்த வகைக் கணித முறையை நடைமுறையில் கொண்டுவந்தவர்கள் இவர்கள். வட்டார அளவில் கூட்டிப் பார்த்தால் இந்தக் கலப்பால் பெரிய பாதிப்பு இருக்காது.

யார் இதில் இல்லை என்பதும் முக்கியம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 1 அன்று இருந்த வேலைகள்தான் கணக்கு. கோடையில் சுற்றுலா விடுதிக்கு வருபவர்கள், ஆகஸ்டில் பழம் பறிக்க வருபவர்கள் எல்லாம் அன்றைக்கு அங்கே இருக்கமாட்டார்கள். எச்-2ஏ விசாவில் வரும் விவசாயத் தொழிலாளர்களின் சம்பளத்துக்கு வேலையின்மைக் காப்பீட்டு வரியிலிருந்து மத்திய அரசே விலக்கு தந்திருக்கிறது. ஆகவே பொதுவாக அவர்களும் பட்டியலுக்கு வருவதில்லை. சுயதொழில் செய்பவர்கள், ராணுவத்தினர், தனிக் காப்பீடு வைத்திருக்கும் ரயில்வே ஊழியர்கள் யாரும் இல்லை. அதிகம் ஊர் மாறும் ஆட்கள்தான் இதில் அதிகம் விடுபடுகிறார்கள். வீட்டிலிருந்தே கணினியில் வேலை செய்பவரையும் நிறுவனத்தின் முகவரியில்தான் வைக்கும். 2020-க்குப் பிந்தைய வரைபடங்களைப் பார்க்கும்போது இதை மனதில் வைக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கொள்கை விவாதங்களில் இதற்கு மாற்று இல்லை. ஒரு கவுண்டி வரிச் சலுகை கொடுத்து ஆலையைக் கொண்டுவருகிறது. ஆலையின் எல்லையை வேலையிடமாக வைத்து ஓட்டிப் பாருங்கள். வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் பக்கத்துக் கவுண்டிகளில் வசிப்பவர்களாக இருக்கலாம். சலுகையின் செலவு ஒரு பக்கம், சம்பளம் செலவாகும் கடைகளும் வீட்டு வரியும் இன்னொரு பக்கம். ஊர்க்காரர்களுக்கே வேலை என்று வாக்குறுதி கொடுத்தவர்கள் இந்தப் படத்தை ரசிக்கமாட்டார்கள். ஆனால் சலுகைச் செலவை வட்டாரமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று பேச்சை ஆரம்பிக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை.

இதே தரவை மெருகூட்டிச் சந்தாவுக்கு விற்கும் தளங்களும் உண்டு. அப்படி ஒன்றுக்கு நான் பணம் கட்டியிருந்தேன், பெயர் வேண்டாம். நிறம் அழகு, வேகமும் அதிகம். ஊகித்துச் சேர்த்த வேலையிடங்கள் பற்றியோ இரைச்சல் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.

ஆன்தமேப்பில் எனக்கு இருக்கும் குறைகள் மூன்று. தரவு வந்து சேரச் சில ஆண்டுகள் தாமதமாகிறது. நேற்று மூடிய ஆலையைப் பற்றி இன்று கேட்க முடியாது. வயதுப் பிரிவு 29 வரை, 30 முதல் 54, 55-ம் அதற்கு மேலும் என்று இருக்கிறது. 2022-ன் சிப்ஸ் சட்டத்தில் (சிப் உற்பத்திக்கும் அறிவியலுக்குமான சட்டம்) வந்த ரீகம்பீட் என்ற நிதியுதவித் திட்டம் நலிந்த வட்டாரங்களை அடையாளம் காண 25 முதல் 54 வயதினரைப் பார்க்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வழியில்லை. சம்பளப் பிரிவோ மாதம் 1,250 டாலர் வரை, 3,333 டாலர் வரை, அதற்கு மேல். 2002 தரவுக்கும் இதே வரம்பு, அண்மைத் தரவுக்கும் இதே வரம்பு. விலைவாசி ஏறியதால் மட்டுமே ஊருக்கு ஊர் 'உயர்சம்பள' வேலைகள் பெருகிவிட்டதாகக் காட்டும். உங்கள் ஊர் அறிக்கையில் அப்படி ஒரு வரி வந்தால், எழுதியவரிடம் இந்த 3,333-ஐப் பற்றிக் கேளுங்கள்.