ஏர் ரைஃபிளா, பாயிண்ட் டூ டூவா?

குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் இறங்குபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான்: அழுத்தக் காற்றால் ஈயக் குண்டைத் தள்ளும் ஏர் ரைஃபிளா, வெடிமருந்துத் தோட்டாவைச் சுடும் பாயிண்ட் டூ டூ (.22 அங்குல) ரைஃபிளா?

உரிமம்: இந்தியாவில் குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாத 4.5 மி.மீ. ஏர் ரைஃபிளுக்குத் தேவையில்லை. பாயிண்ட் டூ டூவைச் சொந்தமாக வாங்க ஆயுத உரிமம் கட்டாயம்.

செலவு: ஈயக் குண்டு மலிவு. தோட்டா பணத்தைக் கரைக்கும்.

குண்டுத் தேர்வு: ஏர் ரைஃபிள் குண்டுகள் 4.49, 4.50, 4.51 மி.மீ. எனத் தலை அளவு வாரியாக வரும். துப்பாக்கியைப் பிடிப்பானில் இறுக்கிப் பத்துப் பத்தாகச் சுட்டு, துளைகள் நெருங்கி விழும் அளவை வைத்துக்கொள்ளலாம். பாயிண்ட் டூ டூவின் கதை வேறு: ஒரே நிறுவனம், ஒரே வகை என்றாலும் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறினால் குழல் முரண்டு பிடிக்கும். பிடித்த லாட் கிடைத்தால் பருவம் முழுவதற்கும் வாங்கி அடுக்கிவிட வேண்டும் (வீட்டில் என்ன சொன்னாலும் சரி).

காற்று: ஏர் ரைஃபிள் சுடும் 10 மீட்டர் அரங்கில் தொல்லையில்லை. பாயிண்ட் டூ டூ சுடும் 50 மீட்டரில் காற்றைக் காட்டும் கொடியைப் பார்த்தே விசையைத் தொட வேண்டும்.

புதியவருக்கு ஏர் ரைஃபிள்தான், யோசிக்கவே வேண்டாம்; அபினவ் பிந்த்ரா 2008இல் ஒலிம்பிக் தங்கம் வென்றதும் அதில்தான். நின்று சுடுவது கைவந்த பிறகு, மண்டியிட்டும் படுத்தும் சுட ஆசைப்படுபவருக்கும் கையில் காசு இருப்பவருக்கும் பாயிண்ட் டூ டூ.