மலைப்பாதையில் வண்டி மாட்டிக்கொண்டால், மீட்க வருகிறவரிடம் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கரடுமுரடான மலைப்பாதைகளில் வண்டி ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள். மீட்டுத் தருகிறேன் என்று வந்தவர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, என் வண்டியை உடைத்து, பாதி வழியில் போட்டுவிட்டுப் போனார்.

மழையில் பாதையின் வெளி ஓரம் அடியில் அரித்துப் போயிருந்தது. மேலே பார்க்கக் கெட்டியாகத்தான் தெரிந்தது. எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கியபோது பள்ளத்துப் பக்கச் சக்கரங்கள் இரண்டும் மண்ணில் இறங்கிவிட்டன. இன்ஜின் நன்றாக ஓடியது, வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "ஏற்கெனவே உடைஞ்சுதான் கிடந்துச்சு" என்று பிறகு அவர் சாதித்தார்.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறிப் போய் அவரிடம் பேசியபோதே, ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரத்துக்கும் இன்ஜின் விசை போகும் வண்டி), ஆட்டோமேட்டிக் கியர் என்று தெளிவாகச் சொன்னேன். "பிளாட்பெட் கொண்டு வர்றேன் சார், கவலையே படாதீங்க" என்றார். பிளாட்பெட் என்றால் வண்டியை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான லாரி. வந்ததோ பின்னால் சின்ன கிரேன் வைத்த பழைய பிக்கப். பணம் கைக்கு வந்தால்தான் வண்டியிலிருந்து இறங்குவேன் என்றார். இருட்டிக்கொண்டு வருகிறது, எங்களுக்கு வேறு நாதியில்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

இப்படிப் புதைந்த வண்டியை எடுக்க ஒரு முறை இருக்கிறது. சக்கரத்துக்கு முன்னால் உள்ள மண்ணை வெட்டி எடுக்க வேண்டும். டயர் காற்றைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். பிறகு சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், இழுப்பதற்கென்றே உள்ள பாயிண்டில் மாட்டி, வின்ச் (கம்பியைச் சுருட்டி இழுக்கும் கருவி) வைத்து மெதுவாக இழுக்க வேண்டும். அவர் மண்வெட்டியே கொண்டுவரவில்லை. வண்டிக்கடியில் படுத்து, சங்கிலியின் கொக்கியை முன்சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் லோயர் ஆர்ம் என்ற கம்பியில் மாட்டினார். மறுமுனையை பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் மாட்ட வைத்திருக்கும் உருண்டையான டோ பாலில் சுற்றினார். "அங்கே மாட்டாதீங்க" என்று நான் கத்தியது அவர் காதில் ஏறவே இல்லை.

டோ பால் டிரெய்லரைச் சீராக இழுக்கச் செய்தது, வெட்டி இழுக்கும் விசைக்குத் தாங்காது. முறிந்தால் தோட்டா மாதிரிப் பறக்கும். அப்படிப் பறந்து வந்து மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். சங்கிலி நீளாது என்பதால், ஓடி வந்து வெட்டி இழுக்கும்போது முழு அதிர்ச்சியும் மாட்டிய இடத்திலேயே விழும். அதற்கென்று உள்ள நைலான் பெல்ட் இழுக்கும்போது நீண்டு, அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும். என் மனைவியைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூரமாகப் போய் நின்றேன். பிக்கப் உறுமிக்கொண்டு பாய்ந்தது. டமார் என்று ஒரு சத்தம். வண்டி வெளியே வந்தது, முன்சக்கரம் உள்ளே மடங்கியபடி.

அடுத்தது அதைவிட மோசம். முன்பக்கத்தைக் கிரேனில் தூக்கி, பின்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துக்கொண்டு போனார். ஆல் வீல் டிரைவ் வண்டிக்கு இதைவிடக் கெடுதல் செய்ய முடியாது. பின்சக்கரம் சுற்றி, முன்சக்கரம் சுற்றாமல் இருந்தால், இரண்டையும் இணைக்கும் கிளட்ச் சூடேறி எரிந்துபோகும். நான்கு சக்கரமும் தரையைத் தொடாமல்தான் கொண்டுபோக வேண்டும் என்று வண்டியோடு வரும் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. கருகல் நாற்றம் வந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. சக்கரம் சுற்ற மறுத்ததும் ஒரு வளைவோரத்தில் இறக்கிவிட்டு, "இதுக்குப் பெரிய வண்டி வரணும், அது தனிக் காசு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நாங்கள் உண்மையான பிளாட்பெட்டோடு திரும்பி வருவதற்குள் பேட்டரி காணவில்லை. சைலன்ஸர் குழாயை அறுத்து, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் எடுத்துப் போயிருந்தார்கள். கண்ணாடியில் 'கைவிடப்பட்ட வாகனம்' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தது. அடியில் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஒழுகித் தேங்கியிருந்தது. எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட் தித்திப்பானது, விலங்குகள் நக்கினால் சிறுநீரகம் கெட்டுச் சாகும். என் வண்டியிலிருந்து அது காட்டு மண்ணில் ஓடியதை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. மலைச்சரிவுகளில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகளில் எத்தனை இப்படிப்பட்ட ஆட்களால் அங்கே வந்து சேர்ந்தனவோ.

கூப்பிடும்போதே எந்த வண்டி வருகிறது என்று படம் அனுப்பச் சொல்லுங்கள். எந்த இடம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார், பாதியில் நின்றால் என்ன கணக்கு என்பதை மெசேஜில் எழுதி வாங்குங்கள். முன்பணம் கொடுங்கள், முழுப் பணம் வேண்டாம். "சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற சீட்டை நீட்டினால், கொக்கி எங்கே மாட்டப் போகிறார் என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பதில் சரியில்லை என்றால் ராத்திரி வண்டியிலேயே தங்கினாலும் பரவாயில்லை, அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். புதைந்து நிற்கும் வண்டி காலையிலும் முழுசாக இருக்கும். ஆனால் பாதையோரம் இன்னும் சரிந்துகொண்டிருந்தால் உள்ளே இருக்காதீர்கள், பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள்.

இன்சூரன்ஸ்காரர்கள் முதலில், தார் போடாத பாதையில் நடந்தது என்று சொல்லி கிளெய்மை நிராகரித்தார்கள். லோயர் ஆர்மில் கொக்கி மாட்டியிருந்ததை என் மனைவி போனில் படம் எடுத்து வைத்திருந்தார். அதைக் காட்டிய பிறகுதான் மறுபரிசீலனைக்கு எடுத்திருக்கிறார்கள். மீட்க வந்தவர் மீதும் எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறேன். இன்றுவரை என் போனை எடுக்கவில்லை.