எம்.சி.ஆர். செருப்பு: சுகர்காரர் நடைக்கு ஏற்றதா?

நாகர்கோவிலில் ஒரு செருப்புக்கடையில் சுகர் உள்ள என் அம்மைக்கு இதை வாங்கினேன், 850 ரூபாய். எம்.சி.ஆர். என்பது நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர். மிதித்தால் அமுங்கி, எடையைப் பாதம் முழுக்கப் பரப்பிவிடும். சுகரால் கால் மரத்தவர்களுக்கு இது அவசியம். அவர்களுக்கு முள் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் வந்தாலும் தெரியாது. பின்வார் உள்ளதாகவே கேளுங்கள். வாரில்லாத செருப்பு கழன்று கிடக்கும், ஆள் நாலு எட்டு போயிருப்பார். சாயங்காலம் போய் அளவு பாருங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும்.

மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்ட கையோடு கட்டிலில் சாய்கிற அம்மை, இப்போது முற்றத்திலும் தெருவிலும் கால்மணி நேரம் நடக்கிறார். சாப்பாட்டுக்குப் பிந்தைய அந்த நடைதான் ஏறுகிற சுகரைப் பிடிக்கும். (இன்சுலின் போடுகிறவர்களுக்கு நடையில் சுகர் ரொம்ப இறங்கிவிடலாம்; மடியில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளணும்.) வந்ததும் உள்ளங்காலை நான் டார்ச் அடித்துப் பார்ப்பேன்; சிவந்த தடம் எதுவும் இல்லை.

குறை என்றால், ஒட்டி மூடுகிற வார் (வெல்க்ரோ). வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம் பார்க்கிற மாவட்டத்தில் அது நனைந்து நனைந்து பிடிப்பு விட்டுப்போனது. தைத்த பக்கிள் வைத்திருக்கலாம். நிறமும் கறுப்பு, பழுப்பு, அவ்வளவுதான். "இதப் போட்டுட்டு கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் மக்களே" என்கிறார் அம்மை.