வாடகை வீட்டுக்கு ஏற்ற தூளித் தாங்கி
உத்தரத்தில் கொக்கி அடிக்க வீட்டுக்காரர் இசையாததால், பேரன் பிறந்த மூன்றாம் வாரத்தில் இரும்புத் தாங்கியோடு கூடிய ஸ்பிரிங் தூளி ஒன்றை வாங்கினோம். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் உறங்கும் என்றாலும், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு விழிப்பதால் மகள் கண்ணயர வழியில்லாமல் இருந்தது. இப்போது பாட்டியின் பழைய நூல்புடவையைக் கட்டி மெல்ல ஆட்டினால், அவன் சில நிமிடங்களில் அடங்கிவிடுகிறான். ஆனால் ஸ்பிரிங் எழுப்பும் கிறீச்சொலி, குழந்தையை உறங்கவைத்துப் பெரியவர்களை எழுப்பிவிடுகிறது. எண்ணெய் விட்டாலும் இரண்டு நாள்தான் தாங்குகிறது. துணிக்குள் முகம் புதையும் அபாயம் இருப்பதால், உறங்கியதும் அவனைச் சமமான, உறுதியான மெத்தையில் மல்லாக்கக் கிடத்துகிறோம். தாங்கக்கூடிய எடையைக் கையேட்டில் குறிப்பிடாதது பெருங்குறை.