மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாதீர்கள்: பறவூர், சேந்தமங்கலம் யூத ஜெபக்கூடங்கள்

கொச்சிக்குப் போகிற நம் ஆட்களுக்கு யூதர் வரலாறு என்றால் மட்டாஞ்சேரி யூதத் தெருவோடு சரி. 1568இல் கட்டிய பரதேசி ஜெபக்கூடம் பார்க்க வேண்டியதுதான். சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளைத் தரை ஓடுகள் அத்தனையும் கையால் தீட்டியவை, ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. ஆனால் கூட்டத்தில் நின்று நிதானமாகப் பார்க்க விடமாட்டார்கள். வெளியே வந்தால் ஏலக்காய்க்காரர் ஒரு பக்கம், பழைய சாமான் கடைக்காரர் மறுபக்கம். என்னைக் கேட்டால், ஒரு அரை நாளை ஒதுக்கி எர்ணாகுளத்துக்கு வடக்கே பறவூர் போங்கள். அங்கிருந்து சேந்தமங்கலத்துக்கு ஆட்டோ போதும். இரண்டு ஊர் ஜெபக்கூடங்களையும் பழுதுபார்த்து, முசிறி பாரம்பரியத் திட்டத்தில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்.

எங்கள் குடும்பத் தொழில் மரவேலை. எங்கே நுழைந்தாலும் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பேன். சேந்தமங்கலத்தில் அப்படிப் பார்த்தவன் கழுத்து வலிக்கும்வரை குனியவில்லை. கட்டம் கட்டமான மரக்கூரை, தாமரை செதுக்கி வண்ணம் தீட்டியது. நம் கோயில் வேலை பார்க்கிற ஆசாரியின் கை என்று பார்த்ததுமே தெரிகிறது. எதிரே, யூதர்களின் வேதமான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை, தங்கப்பூச்சோடு பூவும் கொடியுமாகத் தேக்கில் இழைத்தது.

தோரா வாசிக்கும் மேடை ஒரு ஜெபக்கூடத்துக்கு ஒன்றுதான் இருக்கும். கேரளத்தில் மட்டும் இரண்டு: கூடத்தின் நடுவில் ஒன்று, மாடியில் இன்னொன்று. ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் மாடியில் வாசிப்பார்கள். அந்த மேடைக்கு நேர் பின்னால் மரத்தடுப்பு, அதற்கு அந்தப் பக்கம் பெண்கள் இடம். அதாவது வேதம் வாசிக்கிற குரலுக்கு, கீழே இருக்கிற ஆண்களைவிடப் பெண்கள்தான் பக்கம். படத்தில் எத்தனை முறை பார்த்தாலும் இது புரியாது, கீழே நின்று பார்க்க வேண்டும். இந்தப் பெண்களுக்கென்று மலையாளப் பாட்டுகளும் இருந்தன. கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும் பாடியதை நோட்டுப் புத்தகங்களில் எழுதி, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றினார்கள்.

சேந்தமங்கலம் முற்றத்தில் ஒரு கல்லறைக் கல் நிற்கிறது. இஸ்ரவேல் என்பவரின் மகள் சாராளுடையது, ஆண்டு 1269. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் மிகப் பழையது. அவசரத்தில் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பறவூர் கட்டடம் வேறு மாதிரி. தெருவாசலில் நுழைந்து, தூண் வரிசை போட்ட நடை வழியாகப் போனால்தான் கூடம். பெண்கள் மேலே ஏறுவதற்குத் தனிப் படிக்கட்டு. 1616இல் கட்டியவர் தாவீது யாக்கோபு காஸ்தியல், பட்டம் முதலியார்! ஆமாம், யூத சமூகத் தலைவருக்கு இங்கே முதலியார் பட்டம். பேழை மட்டும் நகல். அசல், எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. 1950களில் ஊர் யூதர்கள் கிளம்பி இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த பிறகு நடந்தவற்றில் அதுவும் ஒன்று. நகலும் சுமாரான வேலை இல்லை, தொழில்காரனாகச் சொல்கிறேன்.

பழம்பொருள் குவிந்திருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். படமும் எழுத்துப் பலகையும்தான் அதிகம், கட்டடம்தான் காட்சிப்பொருள். பலகைகளில் பாதியைப் படித்துவிட்டு எழுந்துவிட்டேன். அதற்குப் பதில் போவதற்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மனின் செப்பேட்டைப் பற்றிப் படித்துவிட்டுப் போங்கள். சுமார் கி.பி. 1000இல், வட்டெழுத்தில், முயிரிக்கோட்டிலிருந்து (இன்றைய கொடுங்கல்லூர்) கொடுத்தது. 'இசுப்பு இரப்பான்' என்கிற யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகர் குழுவும் 72 உரிமைகளும். பகல்விளக்கு, பாவாடை (நடக்க விரிக்கும் துணி), குடை, தோரணம் என்று பட்டியல் போகிறது. நமக்கு அகராதியே தேவைப்படாத வரிகள் பல. செப்பேடு இருப்பது மட்டாஞ்சேரியில்.

சிறுபிள்ளைகளை அழைத்துப் போனால் பத்து நிமிடத்தில் சலித்துவிடுவார்கள். ஆனால் சேந்தமங்கலம் கைத்தறிக்குப் பேர்போன ஊர், வேட்டி முண்டு வாங்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மட்டாஞ்சேரியையும் சேர்த்துப் பார்ப்பதானால் சனிக்கிழமை வேண்டாம், வெள்ளியையும் தவிர்த்துவிடுங்கள். காலையில் பறவூர், மதியத்துக்குள் சேந்தமங்கலம் என்று வைத்துக்கொண்டால் அலைச்சல் இருக்காது.