நீல வெளிச்சத்தை நம்பி நான்கு மீன்களை இழந்தேன்: உப்புநீர்த் தொட்டிக்கு யூவி வாங்குபவர்கள் கவனத்துக்கு

கடல்மீன் தொட்டிக்கு யூவி ஸ்டெரிலைசர் (புற ஊதா விளக்கால் தண்ணீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும் கருவி) வாங்கலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். என் தொட்டியில் ஆறு மாதம் இரவும் பகலும் ஒரு கருவி அழகான நீல வெளிச்சத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆறு மாதத்தில் அது ஒரு கிருமியைக்கூடக் கொன்றிருக்க வழியில்லை. இது எனக்குத் தெரிய வந்தபோது நான்கு மீன்கள் போய்விட்டன.

என்னுடையது 400 லிட்டர் தொட்டி. இரண்டு கிளவுன் மீன், ஒரு ராயல் கிராமா, ஒரு மஞ்சள் டேங் மீன், ஒரு கோபி, கொஞ்சம் மென்பவளம், சுத்தம் செய்யும் இறால் ஒன்று. தண்ணீரில் லேசாகப் பச்சை மங்கல் இருந்தது. அதைப் போக்கத்தான் முதலில் யூவி தேடினேன். விற்றவரிடம் அரை மணி நேரம் பேசினேன். அவர் சொன்னவை எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "இது 36 வாட் சார், உங்க தொட்டிக்குத் தாராளம். பல்ப் மூணு வருஷம் வரும். இது ஓடுற தொட்டியில வெள்ளைப்புள்ளி நோய் வராது, இனிமே குவாரன்டைன் எல்லாம் வேண்டாம்."

இந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றும் பொய் என்று பின்னால் தெரிந்தது. அதிலும் அந்தக் கடைசி வாக்கியம்தான் என் மீன்களின் உயிரை வாங்கியது.

கருவியை மாட்டிய ஒரே வாரத்தில் தண்ணீர் தெளிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அதே வாரம் ஆக்டிவேட்டட் கார்பனை மாற்றி, சம்பில் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டியில்) புது ஃபில்டர் துணியும் போட்டிருந்தேன். மங்கலை நீக்கியது அவைதான். ஆனால் பேர் யூவிக்குப் போனது. ஐந்து மாதம் கழித்து, வெகுநாள் ஆசைப்பட்ட பவுடர் புளூ டேங் ஒன்று கிடைத்தது. அதற்கு முன் எந்த மீனையும் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைக்காமல் உள்ளே விட்டதில்லை. இந்த முறை நேராக விட்டேன்.

ஒன்பதாம் நாள் அதன் துடுப்பில் உப்புத் தூவியது போலப் புள்ளிகள் தெரிந்தன. முதலில் அது போனது, அடுத்து மஞ்சள் டேங், அப்புறம் கிராமா, ஒரு கிளவுன். எல்லாம் மூன்று வாரத்துக்குள்.

இடையில் விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். முதல் நாள், "தண்ணிய மெதுவா விடுங்க சார், அப்பதான் கிருமி சாகும்" என்றார். மெதுவாக விட்டேன். நான்கு நாள் கழித்து, "அவ்வளவு மெதுவா விட்டா எப்படி, தொட்டித் தண்ணி முழுக்க அது வழியா சுத்தி வரணும்ல" என்றார். வேகத்தைக் கூட்டினேன். மூன்றாவது முறை, இன்னொரு கருவியும் வாங்கி மாட்டச் சொன்னார்.

பல வருடமாகக் கடல்மீன் வளர்க்கும் நண்பனிடம் புலம்பியபோது அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "பல்பைச் சுத்தி இருக்கற உறை குவார்ட்ஸ்தானா, பாத்தியா?" வெளிச்சம் நன்றாக வருகிறதே என்றேன். "நீலம்தான்டா கண்ணுக்குத் தெரியும். கொல்ற ஒளி கண்ணுக்குத் தெரியாது" என்றான்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏமாற்றே இந்த இடத்தில்தான் நடக்கிறது. இந்தக் கருவிகளில் பெரும்பாலும் இருப்பது குறைந்த அழுத்தப் பாதரச ஆவி விளக்கு. அது முக்கியமாக வெளியிடுவது 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள யூவி-சி. நுண்ணுயிரின் டிஎன்ஏவைச் சிதைத்து, அது பெருக முடியாமல் செய்வது இந்த ஒளிதான். நம் கண்ணுக்கு இது தெரியாது. நாம் பார்க்கும் நீலம், அதே பாதரசம் கூடவே விடும் கொஞ்சம் சாதாரண ஒளி. குவார்ட்ஸ் என்ற தூய சிலிக்காக் கண்ணாடி இரண்டையும் உள்ளே இருந்து வெளியே விடும். சாதாரணக் கண்ணாடி நீலத்தை விட்டுவிட்டு யூவி-சியைத் தடுத்துவிடும். வீட்டில் எரியும் பழைய டியூப்லைட்டுக்குள்ளும் இதே 254 நானோமீட்டர் ஒளிதான் பிறக்கிறது. உட்புறம் பூசிய பொடி அதை வெள்ளை வெளிச்சமாக மாற்றுகிறது, மிஞ்சியதைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. அதனால்தான் அதன் கீழே பயமில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

மின்சாரத்தைத் துண்டித்து, தண்ணீரை வடித்து, கருவியைக் கழற்றினேன். உறையின் வெட்டு விளிம்பைப் பக்கவாட்டில் பார்த்தால் ஜன்னல் கண்ணாடி போலப் பச்சை படர்ந்திருந்தது. குவார்ட்ஸ் விளிம்பில் இந்தப் பச்சை இருக்காது. ஒரு முனை கோணலாக அறுபட்டிருந்தது. தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கும் சரியாக உட்காராமல் திணிக்கப்பட்டிருந்தது. குவார்ட்ஸ் உறை எளிதில் உடையும், விலையும் அதிகம். உடைந்த உறைக்குப் பதிலாக ஏதோ ஒரு கண்ணாடிக் குழாயை அறுத்துப் போட்டுப் புதியது என்று விற்றிருக்கிறார்கள் என்பது என் ஊகம். பல்பின் அடியில் 18 வாட் என்று அச்சிட்டிருந்தது. பெட்டியில் போட்ட 36, பம்பையும் சேர்த்த கணக்காம்.

விளிம்பின் நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய மனமில்லை. யூவி-சி பட்டால் நிறம் மாறும் சோதனை அட்டைகள் இருக்கின்றன, கிருமிநாசினி விளக்குகளைச் சரிபார்ப்பதற்கென்றே செய்தவை. ஒரு அட்டைத் துண்டைக் கண்ணாடி உறைக்குள் சுருட்டி வைத்தேன், இன்னொன்றை வெறுமனே வைத்தேன். பல்பையும் இரண்டையும் ஒரு தடித்த அட்டைப்பெட்டிக்குள் வைத்து, மூடி, எல்லா ஓரத்தையும் டேப் ஒட்டி அடைத்த பிறகுதான் சுவிட்சைப் போட்டேன். ஒரு நிமிடம் கழித்து அணைத்துவிட்டுத் திறந்தேன். வெறுமனே இருந்தது நன்றாக நிறம் மாறியிருந்தது. உறைக்குள் இருந்தது வைத்தபடியே இருந்தது.

எரியும் பல்பை ஒருபோதும் வெறும் கண்ணால் பார்த்துவிடாதீர்கள். சில நொடிகளே கண்ணின் மேற்பரப்பைப் புண்ணாக்கப் போதும். அதன் வலி சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும், மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் எரியும். தோலும் வெந்து சிவக்கும். பெட்டி மூடியிருக்கிறதா என்று இருமுறை பார்க்காமல் சுவிட்சைத் தொடாதீர்கள்.

விளிம்பையும் அட்டைகளையும் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். முதலில் "குவார்ட்ஸ்தான் சார்" என்றார். விளிம்புப் படத்தைப் பார்த்ததும், "அது ஹார்ட் கிளாஸ், குவார்ட்ஸைவிட உறுதி, உடையாது" என்றார். உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சூடு தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடியும் 254 நானோமீட்டரை ஏறத்தாழ முழுவதும் தடுத்துவிடும். இதைச் சொன்னேன். அதோடு என் அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார். பணம் திரும்பவில்லை.

சரி, உறை மட்டும் உண்மையான குவார்ட்ஸாக இருந்திருந்தால் மீன்கள் பிழைத்திருக்குமா? அநேகமாக இல்லை. இதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை. கடல்மீன்களின் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் சில நாள் புதைந்து வளர்கிறது, அங்கே எந்த விளக்கும் எட்டாது. பிறகு உதிர்ந்து, பாறையிலும் மணலிலும் கூடு கட்டிக்கொள்கிறது, அங்கேயும் எட்டாது. கூடு வெடித்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்தி மீனைத் தேடும் அந்தச் சில மணி நேரத்தில்தான் யூவிக்கு வாய்ப்பு. அதுவும் பம்ப் இழுத்துக் கருவி வழியாக அனுப்பும் குஞ்சுகள் மட்டுமே சாகும். மணலிலிருந்து கிளம்பி, பக்கத்திலேயே தூங்கும் மீனில் ஏறுவது கருவிப் பக்கம் வரவே வராது. நல்ல யூவி ஒட்டுண்ணியின் எண்ணிக்கையைக் குறைக்கும், மீனுக்குச் சமாளிக்க அவகாசம் தரும். அது மருந்தும் இல்லை, குவாரன்டைனுக்கு மாற்றும் இல்லை.

மிஞ்சிய கிளவுனையும் கோபியையும் தனித் தொட்டிக்கு மாற்றித் தாமிர மருந்து கொடுத்தேன். தாமிரம் இறாலையும் பவளத்தையும் கொன்றுவிடும் என்பதால் பெரிய தொட்டியில் அதைப் போடவே கூடாது. அந்தத் தொட்டியை 27 டிகிரியில் 76 நாள் மீனே இல்லாமல் ஓட்டினேன். ஒட்டிக்கொள்ள மீன் கிடைக்காமல் ஒட்டுண்ணி அழிந்துபோக அவ்வளவு நாள் வேண்டும். இரண்டு மீனும் பிழைத்துவிட்டன.

அந்தக் காத்திருப்பில் வேறு கருவி தேடினேன், இந்த முறை படித்துவிட்டு. விற்றவர் மெதுவாக விடு, வேகமாக விடு என்று மாற்றி மாற்றிச் சொன்னாரே, அந்த இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. கிருமி வாங்கும் ஒளியின் அளவு என்பது விளக்கின் செறிவும் அதன் முன்னால் கழியும் நேரமும் சேர்ந்தது. நீரோட்டத்தை இரட்டித்தால் நேரம் பாதியாகும், அளவும் பாதியாகும். மிதக்கும் பாசிக்கும் பாக்டீரியாவுக்கும் சதுர சென்டிமீட்டருக்கு 30,000 மைக்ரோவாட்-விநாடி என்பதும், ஒட்டுண்ணிகளுக்குக் குறைந்தது 90,000 என்பதும் தயாரிப்பாளர்கள் வழக்கமாகக் கணக்கில் எடுக்கும் அளவுகள். அதாவது ஒட்டுண்ணிக்கு நீரோட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அதே சமயம், ஒட்டுண்ணிக் குஞ்சு மீனைப் பிடிப்பதற்குள் நாம் அதைப் பிடிக்க வேண்டுமென்றால் தொட்டித் தண்ணீர் அடிக்கடி சுற்றி வர வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தரப் பெரிய கருவியால்தான் முடியும். என் 18 வாட் கருவியில் நல்ல உறை இருந்திருந்தாலும் 400 லிட்டருக்குப் பச்சை மங்கலை நீக்க மட்டுமே உதவியிருக்கும்.

அதனால் "எத்தனை லிட்டர் தொட்டிக்கு" என்று பெட்டியில் போட்டிருக்கும் ஒற்றை எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். எந்த நீரோட்டத்தில் எவ்வளவு அளவு கிடைக்கும் என்ற அட்டவணையைக் கேளுங்கள். அந்த அளவு புது பல்புக்கா, ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள பல்புக்கா என்றும் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் பழைய பல்பை வைத்துத்தான் கணக்குச் சொல்வார்கள். பல்ப், குவார்ட்ஸ் உறை, ஓ-ரிங் மூன்றும் தனித்தனியாக மாற்றக் கிடைக்கிறதா என்பதும் முக்கியம். கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் நான் இனி வாங்க மாட்டேன்.

பம்பின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். அது உயரமே ஏற்றாமல் ஓடும்போது வரும் அளவு. குழாயும் வளைவும் உயரமும் சேர்ந்தால் நன்றாகக் குறையும். கருவியிலிருந்து வெளிவரும் தண்ணீரை 10 லிட்டர் வாளியில் பிடித்து நேரம் பாருங்கள். 18 விநாடியில் நிரம்பினால் மணிக்கு 2,000 லிட்டர்.

புதுக் கருவியை ஃபில்டர் துணிக்கும், நுரையோடு கழிவைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மருக்கும் பிறகு, தனிப் பம்பில் மாட்டியிருக்கிறேன். தூசியும் மஞ்சள் நிறமும் யூவி-சியை விழுங்கும் என்பதால் கார்பனையும் விடாமல் மாற்றுகிறேன். பல்பை மாட்டிய தேதியை டேப்பில் எழுதிக் கருவியின் மேலேயே ஒட்டியிருக்கிறேன். 9,000 மணி நேரம் போலத்தான் அதற்குச் சரியான பலம் இருக்கும், நாள் முழுக்க ஓடினால் ஏறக்குறைய ஒரு வருடம். அதற்குப் பிறகும் நீலம் பளிச்சென்று எரியும். மூன்று வருடப் பொய்யை நம்பி எத்தனை பேர் வெறும் வெளிச்சத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார்களோ. அடிக்கடி போட்டு அணைத்தால் ஆயுள் இன்னும் குறையும், எனவே டைமர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறையைக் கழற்றிப் பார்த்தால் சுண்ணாம்பும் வழவழப்பும் படிந்திருக்கும். வினிகரில் ஊறவைத்து மென்மையான துணியால் துடைத்தால் போதும். அப்போது கருவி உடலின் பிளாஸ்டிக்கில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், யூவி-சி பட்டுப் பட்டு அது நொறுங்கும். உப்புநீர் கசியும் இடத்தில் மின்சாரம் ஓடுவதால், கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் இதை இயக்கவே கூடாது.

பாறையில் வாழும் நல்ல பாக்டீரியாவை யூவி கொன்றுவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அவை பாறையை விட்டு வருவதில்லை, பயம் வேண்டாம். ஆனால் தொட்டியில் மருந்து போடும் நாட்களில் அணைத்துவிடுங்கள், சில மருந்துகளை இந்த ஒளி சிதைத்துவிடும்.

புதுக் கருவி வந்த அன்றே அதன் உறையையும் அதே அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். உறைக்குள் இருந்த துண்டு, வெளியே இருந்ததைப் போலவே நிறம் மாறியது. இப்போது ஒரு சிறிய டேங் தனித் தொட்டியில் இருக்கிறது, இன்று 12-ஆம் நாள். முழு மாதமும் அங்கேதான் இருக்கும். உங்கள் கருவியின் உறை மீது சந்தேகம் இருந்தால், அட்டையை வைத்துப் பார்க்கும்வரை தொட்டியில் புது மீன் எதையும் விடாதீர்கள்.