சாதுவான சேவல்: இரண்டரை வருடத்துக்குப் பிறகு

"உங்கள் சேவல் யாரையும் அடிக்காதாமே, எப்படிப் பார்த்து எடுத்தீர்கள்?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். நேற்றே பதில் எழுதியிருந்தால் புகழ்ந்து தள்ளியிருப்பேன். இன்று காலை 8 முட்டையில் 5 உடைந்துவிட்டதால் கொஞ்சம் வேறு மாதிரி வரும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டரை வருடத்தில் இவன் என் மேலோ பிள்ளைகள் மேலோ ஒருமுறைகூடப் பாய்ந்ததில்லை. இவனுக்கு முன்பு இருந்தவனைக் குஞ்சிலிருந்தே மடியில் வைத்து வளர்த்தோம். கூப்பிட்டால் கையில் ஏறி உட்காருவான். 6 மாதம் ஆனதும் ஆள் மாறிவிட்டான். வாளியோடு உள்ளே போனால் கழுத்து இறகைச் சிலிர்த்து, ஒரு இறக்கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து வருவான். திரும்பினால் போதும், கெண்டைக்காலில் அடி விழும். மனிதரைக் கண்ட பயம் அறவே போய்விட்ட சேவல் நம்மையும் இன்னொரு சேவலாகத்தான் எண்ணிக்கொள்கிறது என்பது என் கணிப்பு.

அதனால் இரண்டாவது முறை குஞ்சாக எடுக்கவில்லை. ஒரு வயது தாண்டிய சேவலாகத் தேடினேன். பருவத்துக்கு வந்து, திமிர் பிடிக்கும் காலமெல்லாம் கழிந்த பிறகு இருப்பதுதான் அதன் குணம். ஆர்பிங்டன், கொச்சின், பிரம்மா எல்லாம் சாதுவான இனங்கள் என்று பெயர் வாங்கியவைதான். ஆனால் ஒரே அடையில் பொரித்த இரண்டு சேவல்களே இரண்டு விதமாக இருக்கும்.

நான் சேவலைப் பார்க்கும் முன் அதன் பெட்டைகளைப் பார்த்தேன். முதுகில் இறகு உதிர்ந்து தோல் தெரிந்தால், சேவல் இணைசேர மேலே ஏறி மிதிக்கும்போது முரட்டுத்தனம் காட்டுகிறது என்றோ, பெட்டைகள் போதவில்லை என்றோ அர்த்தம். ஒரு சேவலுக்குப் பத்துப் பெட்டையாவது இருந்தால் நல்லது. அப்புறம் ஒரு பிடி தானியம் வீசினேன். இவன் ஒரு மணியைக் கொத்தி எடுத்து, கீழே போட்டு, 'கொக் கொக்' என்று கூப்பிட்டுக்கொண்டே நின்றான். பெட்டைகள் வந்து தின்றன, இவன் தின்னவில்லை. ஒரு பெட்டை விலகி ஓடியது, துரத்தாமல் விட்டுவிட்டான். நான் நடந்து போனால் மிரண்டு ஓடாமல், எதிர்த்தும் நிற்காமல், ஒதுங்கி வழிவிட்டான். அங்கேயே முடிவு செய்துவிட்டேன். இன்றும் அந்தக் 'கொக் கொக்'கைக் கேட்க வேலையை விட்டுவிட்டு நிற்பேன்.

சரி, குறைக்கு வருகிறேன். இவன் சாது மட்டுமில்லை, பயந்தாங்கொள்ளி.

சேவலுக்கு இரண்டு வகை அபாயக் குரல் உண்டு. தரையில் நாயோ பூனையோ வந்தால் விட்டுவிட்டுக் 'கட் கட் கட்' என்று கத்தும், பெட்டைகள் கழுத்தை நீட்டி நிமிர்ந்து பார்க்கும். மேலே பருந்து தெரிந்தால் நீளமாக ஒரு கீச்சல், எல்லாம் மறைவுக்குள் ஓடிப் பதுங்கிவிடும். இவன் தரையில் வரும் எதையும் கண்டுகொள்வதில்லை. வானத்தில் மட்டும் எல்லாமே பருந்து. காகம் பருந்து, புறா பருந்து, விமானம் பருந்து, கொடியில் காய்கிற வேட்டியும் பருந்துதான். ஒரு நாளில் குறைந்தது இருபது தடவை. ஒவ்வொரு தடவையும் தீனியை விட்டுவிட்டுக் கூட்டமே ஓடும். இவன் சும்மா கத்துகிறான் என்று அந்தப் பெட்டைகளுக்கும் இரண்டரை வருடத்தில் உறைக்கவில்லை. இன்று காலை முட்டையோடு வெளியே வந்த நேரத்தில் ஒரு கீச்சல். பத்துப் பெட்டையும் என் காலுக்கு இடையில் புகுந்தன. மீதிக் கதைதான் மேலேயே இருக்கிறதே.

ஆக, நண்பருக்கு என் பதில்: முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே வேண்டாம், பெட்டை தானாக முட்டையிடும். குஞ்சு பொரிக்க வேண்டும், வீட்டில் சின்னப் பிள்ளைகளும் உண்டு என்றால் நான் பார்த்த மாதிரி பார்த்து எடுங்கள். நான் மறுபடி எடுத்தால் கொஞ்சம் முறைக்கிற சேவலாகத்தான் எடுப்பேன். காலில் அடி வாங்கினாலும் பரவாயில்லை.

இதை எழுதி முடிப்பதற்குள் மறுபடியும் கீச்சல். எழுந்து போய்ப் பார்த்தேன். காற்றில் ஒரு பாலித்தீன் பை.